கொன்றையாறு கடந்த கூரை

நலம் நிலைக்க. களஞ்சியம் நிறைக. மாமழை தவறாது பெய்க. ஆயினும் இவ்வோலை படித்து முடியுமட்டும் சற்றே பொறுத்துப் பெய்க. காரணம் ஓலையின் போக்கில் வரும்.

கொன்றையாற்று மேல்கரை முழுதும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், எதிரி ஏறாத மதிலும் எண்ணெய் வற்றாத கதவும் உடைய செம்பறைக் கோட்டைக்கு உரியவரும், தயிரும் நீதியும் புளிக்காத நாட்டின் அரசியாருமாகிய பெருங்கொற்றித் தேவியார் திருமுன்பு, கீழ்க்கரை ஆலவெளி நாட்டுக் கோ நெடுவேளார் அருளியபடி, அவர்தம் பாட்டனார் காலத்தில் அமைச்சர் இருக்கையில் அமர்ந்து இன்றளவும் எழுந்திருக்க மனம் வராத ஆதன் பெருஞ்சாத்தன் வணங்கி எழுதிய திருமுகம். திருச்செவி சாத்தியருளுக.

தேவியாரின் நலமும், சுற்றத்தார் நலமும், குடிபடை நலமும், தங்கள் கோட்டை வாயிலில் இப்போது சிறையிருக்கும் எருதுகள் இரண்டின் நலமும் அறிய விழைகிறோம். எருதுகளுள் இடப்பக்கத்தது தவிடு கலவாத நீரைத் தொடாது. அதைப் பிடிவாதம் என்று கொள்ளாது வளர்ப்பு என்று கொள்க.

தேவியார் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. ஆலவெளியார் பழைய உடன்படிக்கையை மறந்து, கதவு இடிக்கும் உருளைப்பொறி ஒன்றை விடியற்பொழுதில் செம்பறை வாயிலுக்கு ஏவினர் என்பதும், அப்பொறியின் முதுகில் வெண்புள்ளிகளால் படைவகுப்பு வரையப்பட்டிருந்தது என்பதும், ஆற்றோரக் கள்ளிக்கரையில் ஏனாதி கடம்பனார் வீட்டுக் கொல்லையில் நீண்ட குழல் ஒன்று மாலைதோறும் செம்பறையை நோக்கித் தலை தூக்குகிறது என்பதும், ஆகவே வரும் முழுநிலாவுக்குள் கடம்பனாரைக் கையளிக்காவிடில் தேவியாரின் படை ஆறு கடக்கும் என்பதும் அதில் கண்டோம். உருளை வந்தது மெய். புள்ளி இருந்தது மெய். குழல் தலை தூக்குவதும் மெய். மூன்றும் மெய்யாயிருந்தும் பொறி என்பது மட்டும் எவ்வாறு மெய்யில்லாமற் போயிற்று என்பதைச் சொல்லவே இவ்வோலை சற்று நீள்கிறது. பொறுத்தருளுக.

கடம்பனார் யாரென்று தேவியாருக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஆயினும் தொடக்கத்திலிருந்து சொல்லாத கதை எங்கள் நாட்டில் செல்லாது.

தேவியாரின் தந்தையார் காலத்தில் இருட்டு என்று ஒன்று இருந்தது. இன்று இருப்பதை அப்பெயரால் அழைப்பது மரியாதைக்காக. அந்நாளைய இருட்டில் ஆந்தையும் கிளையைத் தடவிப் பார்த்துத்தான் உட்காரும். மாலையில் தன் குதிரையைக் கட்டியவன் விடியலில் அடுத்தவன் எருமையை அவிழ்த்துக்கொண்டு போவான். இருவரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அந்த இருட்டுக்கு மேலே, கை நீட்டினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் அண்மையில் விண்மீன்கள் கிடந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. எப்போதும் இருப்பதை எவர் பார்ப்பார்?

அத்தகைய ஓர் இரவில், தந்தையாரின் படையைப் பெருவெளியில் எதிர்கொள்ள ஆலவெளிப் படை புறப்பட்டது. ஏனாதிப் பட்டத்தின் பொன்மோதிரம் இன்னும் விரலுக்குப் பழகாத இளைஞராகிய கடம்பனார் அதன் தலைவர். இவ்வமைச்சன் ஓலைக்கட்டு சுமந்து கடைசியில் நடந்தவன். கடைசியில் நடப்பவனுக்கு எல்லாம் தெரியும். வழிகாட்டி வேண்டா என்று மறுத்த கடம்பனார், தென்வானில் பேரொளியோடு நின்ற மீன் ஒன்றைச் சுட்டி, அதன்மேல் வைத்த கண் வாங்காமல் நடக்குமாறு ஆணையிட்டார். விண்மீன் நகரும் என்பதைப் படைத்துறைக்கு அதுவரை யாரும் எழுத்தில் அறிவித்திருக்கவில்லை. மீன் மேற்கே சரிந்தது. படையும் அதன் பின்னே வளைந்தது. இடையில் கால் நனைந்தபோது வயல் என்று எண்ணினோம், அது கொன்றையாறு.

பொழுது விடிந்தது. எங்கள் முன்னே செம்பறைக் கோட்டை நின்றது, காக்க ஆளின்றி. அதே வேளையில் நேரே நடந்த தந்தையாரின் படை ஆலவெளி வாயிலில் நின்றது, எதிர்க்க ஆளின்றி. தேவியாரின் தாயார் கதவைத் திறந்து, இவ்வளவு தூரம் வந்தவர்கள் மோராவது குடித்துப் போகலாமே என்றார். எங்கள் அரசமாதேவியாரும் அங்கே ஏறக்குறைய அதையே சொன்னாராம். பிறர் கோட்டையை இடித்தால் தன் கோட்டை இடியும் என்பதால் இரு படையும் மோர் குடித்தன. அன்று மதில்மேல் நின்ற சிறுமி ஒருத்தி, யானை ஒன்றுதானா கொண்டுவந்தீர்கள் என்று உரக்கக் கேட்டாள். எங்கள் யானை வெட்கப்பட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டதை இக்கண்கள் கண்டன. அச்சிறுமியின் திருமுன்புதான் இவ்வோலை இப்போது படிக்கப்படுகிறது.

அந்த மோரின் மேல் எழுதப்பட்டதே நம் உடன்படிக்கை. துளிக் குருதி சிந்தாது பகைவன் வாயிலை அடைந்தவர் என்று கடம்பனாரை நாடு கொண்டாடியது. ஒரு மீனின் பின்னே போனதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அடக்கமும் உள்ளவர் என்று அதற்கும் சேர்த்துக் கொண்டாடினார்கள். அவர் வீட்டு வாயிலில் ஆயிரம் திரி விளக்கொன்று நாட்டி, இரவெல்லாம் எரியுமாறு அந்நாள் அரசர் ஆணையிட்டார். அவ்விளக்கின் பெருமையைக் குறைத்துச் சொன்னாலும் தேவியார் நம்ப மாட்டார். தெருவில் சேவல்கள் எப்போது கூவுவதென்று தெரியாமல் கூவுவதையே விட்டன. திருடர்கள் தொழில் கெட்டு, கண்ணீரோடு வேளாண்மைக்குப் போனார்கள். அவர்களுள் இருவர் இன்று எங்கள் நாட்டின் சிறந்த வாழை பயிரிடுவோர். அதைக் கண்டு தெருவுக்குத் தெரு விளக்கு வந்தது. கடம்பனார் முற்றத்தில் நின்று அண்ணாந்தால் புகை தெரியும். புகைக்கு மேலே ஒன்றுமில்லை.

அவர் நெஞ்சிலோ ஒரே ஒரு கேள்வி முள்ளாய்த் தங்கியிருந்தது: அந்த மீன் எது? அடுத்து வந்த சில ஆண்டுகளில் அதே மாதம் நகருக்கு வெளியே குதிரை விட்டுக்கொண்டு போய்த் தென்வானைப் பார்த்தார். அவ்விடத்தில் அது இல்லை. இல்லாத மீனைக் காட்டியா ஒரு படையை நடத்தினோம் என்று உண்ணும்போது பாதியில் கை நிற்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இவ்வமைச்சனிடம் மட்டும் சொன்னார். இவ்வமைச்சன் சிரித்தான்.

முதுமையில் அவர் பணி துறந்து, விளக்கில்லாத ஊர் ஒன்றில் குடியிருக்க விடை கேட்டார். இளைய அரசராகிய நெடுவேளார் அதைத் தவறாகக் கொண்டு, புது ஊருக்கும் ஒரு வெற்றிவிளக்கு அனுப்பட்டுமா என்றார். அரசவையில் கடம்பனார் கைகூப்பி வேண்டா என்று கெஞ்சியதை அன்றுதான் முதன்முதல் கண்டோம். இவ்வாறாக அவர் எல்லையோரம், தம் மனைவியார் சோலைநங்கையாரின் தாய்வீட்டு மனைக்கு, கள்ளிக்கரைக்கு வந்தார். செம்பறையை வேவு பார்க்க வந்தாரில்லை. இருட்டு அங்கேதான் மிச்சமிருந்தது.

துறைமுகத்தில் மரக்கலம் ஓட்டும் மீகாமன் ஒருவரை அழைத்து, வான் பார்க்க என்ன வாங்கவேண்டும் என்று வினவினார். பாய் ஒன்று வாங்குக என்றார் மீகாமன். எல்லாவற்றிலும் பெரிய குழல் எதுவோ அதைச் சொல்லும் என்று ஏனாதி வற்புறுத்த, முதலில் ஓராண்டு மல்லாந்து கிடந்து வெறுங்கண்ணால் அடையாளம் பழகுக, தெருவே தெரியாதவனுக்குத் தேர் எதற்கு என்று அவர் கடிந்துகொண்டார். கடம்பனார் பாய் விரித்தார். கார்த்திகையின் கொத்தைக் கண்டார். உரோகிணியின் செம்மை கண்டார். திருவாதிரையை மூன்று இரவு செவ்வாய் என்று எண்ணிப் பெருமையோடு ஊராருக்குக் காட்டினார். கீழ்வானத்தைத் தென்னை ஒன்று மறைத்தது. வெட்டச் சொன்னபோது, அம்மரம் தமக்கு முன்பே இவ்வீட்டுக்கு வந்தது என்று சோலைநங்கையார் விடை கூறினார். தென்னைக்குப் பின்னே போன மீன் சற்றுப் பொறுத்தால் தானே வெளியே வரும் என்பதை அதன்பின் கற்றார். படைத்தலைவர்களுக்குப் பொறுமை அவ்வழியில்தான் வரும் போலும்.

அந்த ஆண்டின் முடிவில்தான் விடை கிடைத்தது. நிலைத்த மீன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மாதத்துக்கு மாதம் இடம் பெயர்வதைப் பாயில் கிடந்தவாறே கண்டுபிடித்தார். அது வியாழன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையே பழைய இடத்துக்குத் திரும்பும் நடைக்காரன். தாம் படையை நடத்தியது மீனைக் கொண்டு அல்ல, ஊர் சுற்றும் கோளைக் கொண்டு என்று அறிந்த அன்று, அவர் எழுந்து உட்கார்ந்து அழுதாராம், பின்பு சிரித்தாராம், பின்பு சோலைநங்கையாரை எழுப்பிச் சொன்னாராம். இதற்காகவா எழுப்பினீர் என்று அவர் கேட்டாராம்.

அதன்பிறகே கொல்லையில் கட்டடம் எழுந்தது. கமுகு மரத்தை உள்ளே குடைந்து அரக்குப் பூசிய குழல். அதன் இரு முனையிலும் மரக்கலத்தில் வந்த தெளிந்த பளிங்குச் சில்லுகள். முதலில் அதைக் களத்தின் தரைமேல் நிறுத்தினார். சோலைநங்கையார் நெல் குத்த, உலக்கை விழுந்தபோதெல்லாம் வியாழன் துள்ளியது. வியாழனுக்கு வலிப்பு என்று ஊரில் வதந்தி பரவிற்று. ஆகவே ஆழக் குழி தோண்டி, தரை எதையும் தொடாதபடி கல்தூண் ஒன்றைத் தனியே நட்டு, குழலை அதன் தலையில் ஏற்றினார். நாற்புறமும் மார்பளவு மண்சுவர் எழுப்பினார். காற்று தடுக்கவும் பனி தடுக்கவும். மேலே கூரை வேண்டும், ஆனால் வானமும் வேண்டும். இங்கேதான், தேவியாரே, எல்லாம் தொடங்கிற்று. பலகைக் கூரை செய்து, அதற்கு வண்டிச்சக்கரம் பூட்டி, கல்லில் தடம் வெட்டி, மாலையில் அதை எருதுகளைக் கொண்டு இழுத்து ஒதுக்குவது என்று தீர்மானித்தார். கொல்லையில் வற்றல் காயப்போடும் இடம் போயிற்றே என்று சோலைநங்கையார் முகம் வாடியதால், பகலில் அக்கூரைமேல் வடகம் பிழிந்துகொள்ள உரிமை அளித்து உடன்படிக்கை செய்துகொண்டார். நம் இரு நாட்டு உடன்படிக்கையைவிட அது கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவ்வமைச்சன் அங்கே விருந்தாகச் சென்றதுண்டு. கையில் விளக்கோடு போனமையால் வாயிலிலேயே விளக்கு பறிக்கப்பட்டது. இரண்டுமுறை வெற்றிலை மென்று தீருமட்டும் இருட்டில் உட்காரவேண்டும், அப்போதுதான் கண் திறக்கும் என்றார் கடம்பனார். உட்கார்ந்தான். மெல்ல மெல்ல வானத்தின் நடுவே பால் சிந்தியதுபோல் ஒரு வெண்தடம் தெரிந்தது. இளமையில் ஓலைக்கட்டோடு நடந்த இரவில் தலைக்கு மேலே கிடந்த அதே தடம். நகரில் இருந்த இத்தனை ஆண்டும் அதைத் தான் மறந்திருந்ததைக்கூட மறந்திருந்தான். பக்கத்தில் கடம்பனார் பேசிக்கொண்டே இருந்தார். அவர் விளக்கத் தொடங்கினால் விடிந்தாலும் நிறுத்தார். ஆயினும் அன்று அது இதமாகவே இருந்தது.

இனி, தேவியாரின் வாயிலுக்கு வந்த செய்தி. கூரை முற்றுப்பெற்ற முதல் மாலை, எருதுகள் அதை இழுத்து ஒதுக்கின. வண்டிக்காரர் அவற்றை நுகத்திலேயே விட்டுச் சோறுண்ணப் போனார். கடம்பனார் குழலில் கண் வைத்தார். வியாழன் ஒரு சிறு காசு போல உருண்டு தெரிந்தது. அதன் இருபுறமும், ஒரே வரிசையில், பொடிப்பொடியாய் நான்கு சுடர். இத்தனை காலமும் தனியே போனதாக எண்ணிய அந்த நடைக்காரனுக்குத் துணை இருந்ததை அவர் அன்றுதான் கண்டார். கண்டவர் கண்ணை எடுக்கவில்லை. அவ்வெருதுகளோ கள்ளிக்கரைக்கு விற்கப்படுமுன் செம்பறைச் சந்தைக்கு உப்பு இழுத்தவை. இழுக்க ஏதோ இருக்கிறது, ஓட்ட ஆளில்லை, வழி தெரியும். ஆற்றில் முழங்கால் நீர். கூரை நாடு கடந்தது. தலைமேல் பனி விழுந்தபோதுதான் கடம்பனார் நிமிர்ந்து, கூரை எங்கே என்று கேட்டார்.

எருதுகள் வழக்கம்போல் தங்கள் கோட்டை வாயிலில் முகம் பதித்து, மூட்டை இறக்குவார்கள் என்று காத்து நின்றன. எல்லைத் தலைவர் ஓணனார் அதைக் கதவிடிக்கும் பொறி என்று எண்ணியதில் குற்றமில்லை. சக்கரம் வைத்த கூரையைப் போரில் அன்றி வேறெங்கும் எவரும் கண்டதில்லை. ஆயினும் அவர் படைவகுப்பு என்று தங்களுக்குப் படம் எழுதி அனுப்பிய வெண்புள்ளிகள் கூழ்வடகம். அவர் வலப்புறக் குதிரைப்படை என்று குறித்தது சுண்டைக்காய் வற்றல். ஐயமிருப்பின் பொரித்துப் பார்க்க.

இவ்வளவும் எங்கள் அவையில் சொல்லப்பட்டும் அச்சம் தணியவில்லை. குழலை உடைத்துத் துண்டுகளைச் செம்பறைக்கு அனுப்பிவிடுவோம், போர் ஒழியும் என்று சிலர் கூறினர். அரசரும் ஏறக்குறைய இசைந்தார். வேறு சிலர், வெற்றிவீரரைக் கையளிப்பதா, படை திரட்டுக என்று தொடை தட்டினர். அவர்களுள் ஒருவரும் பெருவெளி வரை நடந்தவரல்லர். அப்போது கடம்பனார் எழுந்தார். தமக்குத் தெளிந்த இரவுகள் இனி அதிகம் இல்லை, குழல் உடைந்தால் இன்னொன்று செய்யக் கையும் நடுங்கும் என்றார். குழலை உடைக்கவேண்டா, தம்மைக் காக்கப் படையும் வேண்டா, ஒரு போரை அறியாமலே நிறுத்தினேன், இன்னொன்றை அறிந்தே தொடங்கமாட்டேன் என்றார். தாமே போவதாகச் சொன்னார். முழுநிலா வரை நாள் இருக்கிறதே என்று அரசர் தடுக்க, நிலா வளர்ந்தால் வானம் வெளுத்துவிடும், தேவியாருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது, அதனால் இப்போதே போகவேண்டும் என்று கவலைப்பட்டார். தம் தலையைக் குறித்து அவர் கவலைப்பட்டதாக அவைக்குறிப்பில் இல்லை.

சோலைநங்கையார் வழியனுப்பும்போது அழவில்லை. மழை தொடங்குமுன் கூரை வந்தாகவேண்டும், சுவர் மண்சுவர் என்றார். வடகத்துணியையும் கேட்டு வாங்குங்கள் என்றார். கடம்பனார் வண்டியில் வைக்கோல் பரப்பப் போனபோது, இவ்வோலையை எழுதி முடித்துக்கொண்டிருந்த இவ்வமைச்சனை நோக்கி, அவர் வராவிட்டால் அந்தத் தென்னையை வெட்டிவிடுவேன் என்றார்.

ஆகவே தேவியார் அறிக: இவ்வோலையைத் திருமுன்பு நீட்டி, தலை குனிந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராது நிற்கும் முதியவரே ஏனாதி பூவன் கடம்பனார். அவரிடம் வாள் இல்லை. வெளியே வண்டியில் வைக்கோலுக்குள் குழல் இருக்கிறது.

தேவியாரிடம் ஆலவெளி வேண்டுவன இவை. இன்று கதிர் சாய்ந்தபின், கோட்டை முற்றத்து விளக்குகளையும், எங்களை எதிர்க்க ஆற்றங்கரையில் கூடியிருக்கும் படையின் அடுப்புகளையும் சற்று நேரம் அவித்தருளுக. வெற்றிலை மடித்துக்கொண்டு இருட்டில் அமர்ந்தருளுக. பின்பு தேவியாரே, ஓணனாரை அனுப்பாமல் தாமே, அக்குழலில் கண் வைத்தருளுக. அதனுள் செம்பறையின் மதிலோ வாயிலோ தெரிந்தால் கடம்பனார் தங்கள் சிறையில் இருக்கக் கடவர். அதன்பொருட்டு ஆலவெளியின் ஒரு குதிரையும் ஆறு கடவாது. இது அவர் கேட்டுப் பெற்ற வாக்கு. அரசர் மனம் நொந்து கொடுத்த வாக்கு. வானன்றி வேறேதும் தெரியாவிட்டால் அவரையும் எருதுகளையும் கூரையையும் மழைக்குமுன் அனுப்பியருளுக. எவ்வாறாயினும் தேவியாரின் சொல்லே முடிவு.

ஆலவெளி நாட்டுக் கோ நெடுவேளார் ஆணைப்படி ஆலிலை முத்திரை பதித்தோம். ஓலை கேட்டவர் வாழ்க. கொண்டுவந்தவர் வழி இனிதாகுக. ஆறு இரு கரையையும் ஒன்றாக நனைப்பதாகுக.

முத்திரைக்குக் கீழே, கொண்டுவந்தவருக்கு அரச கட்டளை ஒன்று. இதைத் தேவியார் உரக்கப் படிக்கச் செய்தருளுக.

ஏனாதி கடம்பனாரே, தேவியார் குழலில் கண் வைத்த கணத்திலிருந்து தாமே தலை நிமிர்த்துமட்டும், அது எவ்வளவு நேரமாயினும், நீர் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. எந்தச் சுடர் எது என்று காட்டக்கூடாது. தொண்டையைச் செருமவும் கூடாது. நீர் கண்டது போலவே அவரும் காணட்டும்.